பசை வேண்டாம் என்றவர்

பிப்ரவரி 11

2021-ல் கருப்புப் பூஞ்சை, இன்று என்னிடம் வந்த அம்மாவின் மேல்தாடையில் வலப்பாதியைக் கொண்டுபோய்விட்டது. அண்ணத்தில் இருக்கும் ஓட்டை நேரே மூக்குக்குள் திறக்கிறது. அதை அடைக்கிற ஆப்டுரேட்டரைக் கழற்றினால் குடித்த தண்ணீர் மூக்கில் வழியும். பேரன் 'பாபு'வைக் கூப்பிட்டால் 'மாமு' என்று கேட்கும். அந்த ஆப்டுரேட்டரில்தான் இப்போது விரிசல்.

"டாக்டர், அந்தப் பசையை மட்டும் வாயில வைக்காதீங்க."

நியாயமான பயம். அளவெடுக்கும் ஆல்ஜினேட் பசையை வாயில் வைத்து அழுத்தினால் குமட்டும். அசந்தால் ஒரு துண்டு கிழிந்து மூக்குக்குள்ளேயே தங்கிவிடும். போதாததற்குத் தழும்பு இறுகி, வாய் இரண்டு விரல்தான் திறக்கிறது. அளவெடுக்கும் தட்டு எப்படி உள்ளே போகும்?

பிப்ரவரி 13

பசைக்குப் பதில் வாய்க்குள் படமெடுக்கும் ஸ்கேனரை எடுத்தேன். அதன் மெல்லிய முனை சிரமமில்லாமல் நுழைந்தது. இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் தொடங்கினேன். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, திரையில் பல்வரிசை வளர்ந்துகொண்டே வந்தது. அம்மா ஒருமுறைகூடக் குமட்டவில்லை. இதற்காகவே இந்தக் கருவியைக் கொண்டாடுவேன்.

ஓட்டையின் விளிம்பை எட்டியதும் படம் தடுமாறியது. ஈரச் சவ்வு பளபளக்கிறது, அசைகிறது. கேமராவுக்கு ஒளி விழும் இடம்தான் தெரியும். ஆப்டுரேட்டருக்குப் பிடிமானம் தருவதோ பக்கச் சுவரின் மறைந்த குழிவு. எல்லாவற்றையும் ஸ்கேனே பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இந்த வாய்க்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

பற்களையும் மிச்சமுள்ள அண்ணத்தையும் ஸ்கேன் கோப்பிலிருந்து மாதிரியாக அச்சடித்துத் தகடு செய்யச் சொல்லிவிட்டேன். ஓட்டைக்குள் போகும் குமிழைக் கையால்தான் வடிக்க வேண்டும்.

பிப்ரவரி 24

தகடு முதல் தடவையே கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டைக்குள் காஸ் துணி வைத்துத் தடுத்துவிட்டு, குமிழுக்கான மெழுகை மென்மையாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். "எச்சில் விழுங்குங்க… தலையைத் திருப்புங்க… பேசுங்க." விழுங்கும்போது சதை எங்கே நகர்கிறது என்பதை மெழுகுதான் வாங்கிக்கொள்கிறது, அசையாத படத்துக்கு அது பிடிபடாது. இந்தப் பிடிமானச் சிக்கல் பழையதுதான்: 16-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் அறுவை மருத்துவர் ஆம்புரோசு பாரே, உலோகத் தகட்டில் கடற்பஞ்சைப் பொருத்தி அண்ணத்து ஓட்டையை அடைத்தார். ஈரத்தில் ஊறி உப்பும் பஞ்சே அவருக்குப் பிடிமானம்.

மார்ச் 6

புதிய ஆப்டுரேட்டரைப் பொருத்தினேன். உள்ளே பொள்ளலாக விட்டதால் குமிழ் கனக்கவில்லை. தண்ணீர் குடித்தார், மூக்கில் வரவில்லை. கரகரப்பு இருந்தாலும் 'பாபு' தெளிவாகவே வந்தது. மரக்குச்சிகளைப் பல்லிடுக்கில் அடுக்கி வாயை அகட்டும் பயிற்சியை நிறுத்தக்கூடாது என்றேன்.

திருப்பூரில் மகன் வீட்டுக்குக் குடிபோகிறாராம். "இது உடைஞ்சா அங்க யாருகிட்ட போறது?" என்றார். ஸ்கேன் கோப்பு அவருடைய வாயின் அளவு, அவரிடமே இருக்கட்டும். பென் டிரைவில் போட்டு, ஆப்டுரேட்டரின் படங்களையும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தேன்.