நிற்கத் தெரிந்தவன்

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைப் பெரும்பாலும் கையால்தான் ஆடுகிறார்கள். பந்தும் உருண்டை இல்லை. உரித்த தேங்காயை இருபக்கமும் கூராக்கினால் வருமே, அந்த வடிவம். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டால் ரொம்ப சுவாரசியமான ஆட்டம்.

அதில் எனக்குப் பிடித்த உத்தியோகம் வைட் ரிசீவர். மைதானத்தின் ஓரமாக நிற்பார். ஆட்டம் தொடங்கியதும் ஓடுவார். நடுவிலிருந்து குவார்ட்டர்பேக் எறிகிற பந்தைப் பிடிப்பார். வேகமா ஓடணும், நல்லாப் பிடிக்கணும், அவ்வளவுதானே என்பீர்கள். கோடி கோடியாகக் கொட்டி ஆள் எடுக்கும் அணிகளே பல சமயம் அப்படித்தான் நினைக்கின்றன.

கல்லூரிப் பையன்களை வேலைக்கு எடுக்குமுன் 40 கெஜம் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவார்கள். 2017-ல் ஜான் ராஸ் என்பவர் அதை 4.22 விநாடியில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. 2024-ல்தான் ஸேவியர் வொர்த்தி 4.21-ல் ஓடி அதை முறியடித்தார். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ராஸை ஒட்டுமொத்தத் தேர்வில் 9-வது ஆளாக அள்ளிக்கொண்டது. முதல் சீசனில் அவர் பிடித்த பந்துகள்: பூஜ்யம். பாவம், காயங்களும் விடாமல் துரத்தின. அப்புறமும் பெரிதாகச் சோபிக்கவில்லை.

அதே வருடம் கூப்பர் கப் என்று இன்னொருவர். 4.62 விநாடி. வித்தியாசம் ஒரு கண் இமைப்புதான். ஆனால் அந்தத் தொழிலில் அது ஒரு யுகம். 6 ரிசீவர்களை மற்ற அணிகள் கொத்திக்கொண்டு போன பிறகு, 69-வது ஆளாக லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அவரை எடுத்தது.

அந்த ஊரில் இருக்கும் என் அக்கா பையன்தான் எனக்கு இந்த ஆட்டத்தில் குரு. "மாமா, ஓடறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. நிக்கறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றான் ஒருநாள் போனில்.

விஷயம் இதுதான். ரிசீவர் தலைதெறிக்க ஓடிவருகிறார். எதிரணிக்காரர் கூடவே ஓடுகிறார். சட்டென்று இரண்டு மூன்று அடிகளுக்குள் நின்று, திரும்ப வேண்டும். நிற்பதற்கு முன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தாலோ, அடிகள் குறுகினாலோ போச்சு. எதிராளி மோப்பம் பிடித்துவிடுவார். டவுன் பஸ் பிரேக் போடுமுன் முனகுமே, அந்த முனகல் கூடாது. (பத்திரிகை ஆபீசிலும் வேகமாக எழுதுகிறவருக்குத்தான் மவுசு. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவரை உதவி ஆசிரியர்கள் மட்டும் ரகசியமாக நேசிப்பார்கள்.)

இன்னொன்று. பல சமயம் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடுகிறார். எங்கே? ஆளே இல்லாத வெற்றிடத்தில். அவன் வந்துவிடுவான் என்கிற நம்பிக்கையில். பி.காம். படித்த புத்திக்கு இது அசல் கடன் வியாபாரமாகத் தெரிகிறது. ரிசீவர் அரை விநாடி தாமதித்து, எதிராளி பந்தைப் பறித்துவிட்டால், அந்த நஷ்டம் எழுதப்படுவது எறிந்தவர் கணக்கில்! அடுத்த முறை கடன் கிடைக்குமா, சொல்லுங்கள்.

இந்த வியாபாரத்தில் மகாராஜா ஜெரி ரைஸ். மிசிசிப்பி மாநிலத்துக் கொத்தனார் மகன். சின்ன வயதில் அப்பாவோடு வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் வீசும் செங்கற்களைப் பிடித்துப் பழகிய கை. அவரையும் 'வேகம் போதாது' என்றுதான் சொன்னார்கள். 1985-ல் 15 பேருக்குப் பிறகே சான்ஃபிரான்சிஸ்கோ அணி எடுத்தது. 20 சீசன்கள் ஆடி, பந்து பிடித்து அவர் சேர்த்தது 22,895 கெஜம். அடுத்த இடத்தில் இருப்பவர் 5,000 கெஜத்துக்கும் மேல் பின்னால் நிற்கிறார்.

ஆனால் இப்படி ஓடி ஓடி நிற்பதற்கு முழங்கால்தான் வட்டி கட்டுகிறது. 2018 நவம்பரில், யாரும் மோதாமலே, கூப்பர் கப்பின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. சில மாதங்களில் அவருடைய அணி சூப்பர் பவுல் இறுதிப்போட்டிக்குப் போனது. அவர் ஆடவில்லை. மறுபடி நடந்து, ஓடி, முக்கியமாக மறுபடி நிற்கப் பழகி, 2021 சீசனில் 145 பந்துகள் பிடித்தார். அந்த வருடம் அவரைவிட அதிகம் பிடித்தவர் யாருமில்லை.

2022 பிப்ரவரி 14. நம் ஊரில் காதலர் தினத்து விடியற்காலை 5 மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, டி.வி.யின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறுதிப்போட்டியில் ராம்ஸுக்கு எதிரி யார் தெரியுமா? அதே பெங்கால்ஸ். ராஸ் அதற்குள் அங்கிருந்து போய்விட்டிருந்தார்.

கடைசி நிமிடங்களில் ராம்ஸ் 4 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பந்து கப்புக்குத்தான் வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரணிக்கும் தெரியும். அப்படியும் திரும்பத் திரும்ப அவருக்கே வந்தது, அவரும் பிடித்துக்கொண்டே இருந்தார். 1 நிமிடம் 25 விநாடி மிச்சமிருக்கும்போது வெற்றிக்கான பந்தும் அவர் கையில்தான் விழுந்தது. 23-20. ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே.

அக்கா பையன் போனில் ஏதோ கத்தினான், ஒன்றும் புரியவில்லை. நான் திரையில் ரீப்ளேயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிப் பந்து எறியப்பட்டபோது கோட்டுக்கு மிச்சமிருந்த தூரம் 1 கெஜம்.