ஒற்றன் போனான்... வழியும் போச்சு!

ஊர் கதிர்காமம் என்று சொன்னதுமே, "அடடே, முருகன் ஸ்தலமாச்சே! சிலோனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. இது பாண்டிச்சேரிக் கதிர்காமம், ஸ்வாமி! இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, அந்த ஏரியா. அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் என் அக்கா மகள் ஸ்கூட்டர் பின்சீட்டிலிருந்து முதுகைத் தட்டுவாள்.

"மாமா, நான் இங்கதான் படிப்பேன்."

"படி கண்ணு. மாமாவுக்கு ஓசியில ஊசி போடு."

2018-ல் அந்த நாள் வந்தது. ஆன்லைன் விண்ணப்பம். மறுநாளோடு கடைசி. பொறுப்பு என் தலையில். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் எதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் இல்லையா! (ஆபீசில் நான் செய்வது லெட்டர் அடிப்பது மட்டும்தான் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.)

சர்ட்டிபிகேட் எல்லாம் ஸ்கேன் ஆயிற்று. போட்டோதான் தகராறு. சைஸ் பெரிசு. 'படத்தைச் சுருக்கித் தருகிறோம், இலவசம்!' என்று ஒரு சாஃப்ட்வேர் கண்ணில் பட்டது. இலவசம் என்றால் நமக்குத்தான் கை தானாக நீளுமே! பந்தியில் 'போடு, போடு' என்கிற மாதிரி 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று படிக்காமல் அமுக்கினேன்.

படம் சுருங்கியது. கூடவே அழையா விருந்தாளி ஒருத்தர் உள்ளே வந்து உட்கார்ந்தார். பிரௌசரின் முதல் பக்கம் மாறிப்போனது. எதைத் தேடினாலும் முன்பின் பார்க்காத ஏதோ ஒரு தளம் வந்து நின்றது. விண்ணப்பத்தின் ஓரத்திலேயே வழுக்கைக்கு மருந்து விளம்பரம்! முந்தின ராத்திரி வீடே தூங்கின பிறகு நான் ரகசியமாகத் தேடின விஷயம் அது. பக்கத்தில் அக்கா மகள் வேறு.

ஸ்பைவேர்! வேவு பார்க்கிற ஒற்றன்!

எனக்கு வீரம் வந்துவிட்டது. அந்த இலவசத்தை அன்-இன்ஸ்டால் செய்தேன். ஆன்டி-வைரஸை ஓட்டினேன். ஏழு பேர் பிடிபட்டார்கள். அத்தனை பேரையும் டெலீட் செய்து, மிஷினை ரீஸ்டார்ட் பண்ணி, மீசையை ஒரு தடவு தடவிக்கொண்டு பிரௌசரைத் திறந்தால்...

ஒரு பக்கமும் வரவில்லை! 'ப்ராக்ஸி சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்று மட்டும் வந்தது. ஒற்றன் இருந்தபோதாவது கூகுள் எட்டிப் பார்த்தது. இப்போது அதுவும் இல்லை.

"என்னங்க, மோடத்தை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்" என்றாள் மனைவி. பண்ணினேன். அதே வைஃபையில் அவள் செல்போனில் சீரியல் ஜோராக ஓடியது. ஆக, லைன் பழுதில்லை. அக்கா சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுக்கப் போய்விட்டாள்.

'காலையில் பிரௌசிங் சென்டருக்குப் போனால் தீர்ந்தது' என்பீர்கள். கடைசி நாளில் அங்கே நிற்கும் கூட்டத்தையும், அன்றைக்கு வெப்சைட் வாங்கும் மூச்சையும் நீங்கள் பார்த்ததில்லை! மணி ராத்திரி பத்தரை. அக்கா மகள் அழவில்லை. மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா என்னையே பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை.

கௌரவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பினேன். ஹார்டுவேர் படித்தவன். ஸ்க்ரீனைப் பார்த்ததுமே சிரித்தான்.

"இன்னாண்ணே, ஒற்றனைத் தொரத்திட்டீங்க, சரி. அவன் மாத்தி வச்ச அட்ரஸை யாரு திருப்பி மாத்துறது?"

"புரியும்படி சொல்லுப்பா."

"உங்க வீட்டு லெட்டரை எல்லாம் ஒருத்தன் வழியில வாங்கிப் பிரிச்சுப் படிச்சிட்டு, அப்புறம்தான் போஸ்ட் பண்றான்னு வைங்க. அவனை அடிச்சுத் தொரத்திட்டீங்க. ஆனா, 'எல்லா லெட்டரையும் அவன்கிட்டயே குடு'ன்னு எழுதி வச்ச சீட்டு இன்னும் செவுத்துல தொங்குது. லெட்டர் எங்க போவும்?"

செட்டிங்ஸில் 'நெட்வொர்க்', அதற்குள் 'ப்ராக்ஸி'. அங்கே 127.0.0.1 என்று ஒரு நம்பர். அது வேறு எங்கும் இல்லை, என் கம்ப்யூட்டரே தன்னைத்தானே கூப்பிடுகிற விலாசம்! ஒற்றன் உள்ளேயே உட்கார்ந்து வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தான். இப்போது ஆள் இல்லாத கதவை பிரௌசர் தட்டிக்கொண்டிருக்கிறது. பையன் அந்த சுவிட்சை ஆஃப் செய்தான். அவ்வளவுதான், உலகம் திரும்ப வந்தது. 11.40-க்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அசட்டுத்தனம் இல்லை. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்றொரு வில்லன் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்து, இதே மாதிரி விலாசத்தை மாற்றி வைத்தான். 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வழக்கில் எஸ்டோனியாவில் ஆறு பேர் பிடிபட்டார்கள். அவர்களுடைய சர்வர்களை உடனே அணைத்திருந்தால், அத்தனை பேருக்கும் இன்டர்நெட் போயிருக்கும். அதனால் கோர்ட் அனுமதியோடு அந்த இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்குள் மிஷினைச் சரி செய்துகொள்ளாதவர்களுக்கு அன்றோடு பக்கங்கள் வருவது நின்றுபோனது. எஃப்.பி.ஐ.க்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. முதலில் வழி, அப்புறம்தான் அடி!

பையன் போகும்போது சொன்னதை அப்படியே உங்களிடம் ஒப்படைக்கிறேன். ப்ராக்ஸி சரியாக இருந்தும் பக்கம் வராவிட்டால் டிஎன்எஸ் விலாசத்தைப் பாருங்கள். பிரௌசரில் நீங்கள் போடாத எக்ஸ்டென்ஷன் இருந்தால் தூக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் 10, 11-ல் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. ஆனால், வைஃபை பாஸ்வேர்டை மறுபடி போட வேண்டியிருக்கும். முக்கியமாக, ஆபீஸ் மிஷினில் ப்ராக்ஸியைத் தொடாதீர்கள்! அங்கே அது நிஜமாகவே ஆபீஸ் வைத்த வாசலாக இருக்கலாம். சிஸ்டம் அட்மினைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஒற்றன் போனாலும் அவன் படித்தது படித்ததுதான். அந்த ராத்திரியே மனைவியின் செல்போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றினேன். அந்த வேலையைச் சந்தேகப்பட்ட மிஷினிலேயே செய்தால், புதுச் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்த மாதிரி!

அக்கா மகள் சொன்னபடியே அந்தக் கேட்டுக்குள் படித்து டாக்டராகிவிட்டாள். ஊசியும் ஓசியில் போட்டாள். போன வாரம் வந்தவள் என் லேப்டாப்பைத் திறந்துவிட்டு அலறினாள்.

"மாமா, மறுபடியும் ஸ்பைவேர்! வழுக்கை மருந்து விளம்பரமா வருது!"

"கத்தாதே கண்ணு... இது நானே தேடினது."