கடைசியில் கேட்கப்படும் கேள்வி

வாசலில் காவலர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் நுனியில் சுருக்கு மாட்டிய நீண்ட கோல். உள்ளே ஒரு வளர்ப்பு நாய். அது எவரையும் கடித்ததில்லை. அதன்மேல் எவரும் புகார் கொடுத்ததுமில்லை. பிரித்தானியாவின் 1991ஆம் ஆண்டு அபாயகர நாய்கள் சட்டத்தின்கீழ், அதைக் கைப்பற்ற இவ்விரண்டும் தேவையில்லை. தடைசெய்யப்பட்ட வகையைப் போல் அது தோன்றினாலே போதும். வீட்டுக்குள் நுழைய நீதிமன்ற ஆணை வேண்டும். பொதுவிடத்தில் அதுவும் வேண்டியதில்லை.

‘வகை’ என்னும் சொல்தான் இச்சட்டத்தின் அச்சாணி. பிட்புல் டெரியர், ஜப்பானிய தோசா உள்ளிட்ட நான்கு வகைகளோடு, 2023 இறுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எக்ஸ்எல் புல்லியும் சேர்க்கப்பட்டது. தாயும் தந்தையும் எந்த இனம் என்பது பொருட்டன்று. உடலின் அளவும் தோற்றமுமே முடிவுசெய்கின்றன. தன் நாய் அவ்வகையன்று என மெய்ப்பிக்கும் சுமை உரிமையாளருடையது. வழக்கு முடியும்வரை கொட்டிலில் அடைபட்டிருக்கும் நாயைச் சென்று பார்க்கவும் அவருக்கு அனுமதியில்லை.

இச்சட்டத்தைப் பிறப்பித்த அச்சம் பொய்யன்று. நாய்களால் குதறப்பட்ட குழந்தைகள் உண்டு; வலிய தாடை கொண்ட விலங்கை நெருங்கும் காவலரின் நடுக்கமும் இயல்பே. ஆனால் நாயைக் காணும் முன்பே அது கொடியது என்று சட்டம் அவருக்குச் சொல்லிவிடுகிறது. அந்நியரின் கோலைக் கண்டு மிரண்ட நாய் உறுமுகிறது. அந்த உறுமலே பலப்பிரயோகத்துக்கு நியாயமாகிவிடுகிறது.

தொடக்கத்தில், தடைசெய்யப்பட்ட வகையெனத் தீர்ப்பானால் கொல்வதே கட்டாயமாக இருந்தது. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நாயின் குணத்தைக் கருத்தில்கொண்டு, கருத்தடை, வாய்ப்பூட்டு முதலிய நிபந்தனைகளோடு அதை உயிரோடு விட நீதிமன்றத்தால் இயலும். அதாவது, ‘இந்த நாய் உண்மையில் ஆபத்தானதா?’ என்னும் கேள்வி கேட்கப்படுகிறது. கைப்பற்றலும் பிரிவும் நிகழ்ந்தபின், கடைசியில்.

இந்தியாவும் இவ்வழியில் ஓர் அடி வைத்தது. 2024 மார்ச்சில் 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்பதால், ஏப்ரலில் கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் அதனை ரத்துசெய்தன. இத்தகைய சட்டம் மீண்டும் எழுதப்படுமானால், அந்தக் கடைசிக் கேள்வி அதன் முதல் வரியில் இடம்பெற வேண்டும். வாசலில் கோலோடு நிற்கப்போகும் காவலருக்கும் அதுவே பாதுகாப்பு.