பீடத்தண்டை வருமுன்: சில குறிப்புகள்

பிடி அரிசி. திருநெல்வேலிச் சீமையின் பழைய கிறிஸ்தவ வீடுகளில் உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பே அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். கலயம் நிறைந்ததும் அது ஆலயத்துக்குப் போகும். அந்த அரிசி எடுக்கப்படும் நேரத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சாப்பிட்டு மிஞ்சியதில் எடுப்பதில்லை. அன்றைய சோற்றுக்கு அளந்ததிலிருந்து, பசி தீருவதற்கு முன்னால் எடுக்கிறார்கள். அப்படி எடுத்ததில் யாருக்கோ ஒரு கவளம் குறையும். பெரும்பாலும் கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அம்மாவுக்குத்தான் குறையும். அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

மிசோரம் மலைகளிலும் சபைப் பெண்கள் 1910-இலிருந்து இதையே செய்துவருகிறார்கள். மிஷனெரிகளை அனுப்பவும் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அந்த அரிசி உதவுகிறது. ஒரு கைப்பிடி அரிசியை விலை போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் உலை வைக்கிற ஒவ்வொரு வேளையும் அந்த வீட்டில் கர்த்தரை நினைத்து ஒரு கை நீண்டிருக்கிறது.

*

ஏழை விதவையின் இரண்டு காசு பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. பெரிய தொகை விழும்போது சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். இரண்டு சின்னக் காசு விழுந்ததை யார் கவனித்திருப்பார்? அவளிடம் இருந்தது இரண்டு. ஒன்றைப் போட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாலும் அவளைக் குறை சொல்ல யாரும் இல்லை.

ஆனால் மாற்கு 12-ஆம் அதிகாரத்தை இரண்டு வசனம் முன்னாலிருந்தே வாசிக்க வேண்டும். அங்கே இயேசு, நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அடுத்தபடியாகத்தான் விதவை வருகிறாள். ஏழைகளிடம் காணிக்கை கேட்க இந்தக் கதையைச் சொல்கிற எவரும் அந்த இரண்டு வசனத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

*

காணிக்கை எண்ணுகிற மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: பையைக் கவிழ்த்தால் ஓரம் கிழிந்தது, நடுவில் டேப் ஒட்டியது, மளிகைக் கடைக்காரர் வேண்டாமென்று திருப்பிய பத்து ரூபாய் என்று ஒரு கற்றை நோட்டு விழும். வாரத்தில் வேறெங்கும் தள்ள முடியாத நோட்டை ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். குருடும் ஊனமுமான ஆடுகளைப் பலிக்குக் கொண்டுவந்தவர்களிடம் மல்கியா, அதை உங்கள் அதிபதிக்குக் கொடுத்துப் பாருங்கள், அவன் வாங்கிக்கொள்வானா என்று கேட்டார். இருக்கிற பத்து ரூபாயில் நல்ல பத்து ரூபாயைத் தேடி எடுத்து மடித்து வைக்கிற கை வேறு. வசதி இருக்கிறவர், இல்லாதவர் என்பது இதில் பேச்சே இல்லை.

*

தாவீது அர்வனாவின் களத்தையும் மாடுகளையும் 50 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான். அர்வனா இலவசமாகவே தருவதாகச் சொன்னான், விறகுக்குப் போரடிக்கிற உருளைகளையும் சேர்த்து. ராஜா மறுத்தான். தனக்கு ஒன்றும் செலவாகாத பலி பலியாகாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

*

அறுப்பின் பண்டிகை ஏலம். வாழைத்தார், பூசணி, சேவல், ஒரு தட்டு முட்டை எல்லாம் ஆலய வளாகத்தில் ஏலத்துக்கு வரும். ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போவதும் உண்டு. அதில் சந்தோஷம் நிறையவே இருக்கிறது; ஊரைவிட்டுப் போனவர்கள் அன்றைக்குத் திரும்பி வந்து கைநிறையக் கொடுக்கிறார்கள். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். ஏலம் எடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று தரம் சொல்கிறோம். அந்தத் தென்னைக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி, முதல் குலையில் ஒரு காயை எடுத்துவந்து பீடத்தடியில் வைத்த பாட்டியின் பெயரை ஒரு தரமும் சொல்வதில்லை. பாட்டி அதை எதிர்பார்க்கவும் இல்லை. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற கட்டளைக்கு அன்றைக்கு அந்த வளாகத்தில் கீழ்ப்படிந்தது அவள்தான்.

*

ஆமோஸ். தெக்கோவா ஊர் ஆடு மேய்ப்பன். சமாரியாவும் பெத்தேலும் செழித்திருந்த காலம். பண்டிகைகளுக்குக் குறைவில்லை, பாட்டுக்கும் சுரமண்டலத்துக்கும் குறைவில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொல்வதாக அவன் அறிவித்தான். பாட்டில் சுருதி பிசகியதாக அவன் குற்றம் சொல்லவில்லை. ஒரு ஜோடு பாதரட்சைக்காக ஏழையை விற்றுவிட்டு வந்து பாடினார்கள். மரக்காலைச் சிறியதாக்கி, எடைக்கல்லைப் பெரியதாக்கி, பதரைக் கோதுமையோடு கலந்து விற்றுவிட்டு வந்து பாடினார்கள்.

எட்டாம் அதிகாரத்தில் ஓர் இடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். ஓய்வுநாள் எப்போது முடியும், களஞ்சியத்தை எப்போது திறக்கலாம் என்று அந்த வியாபாரிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுநாளை அவர்கள் மீறவில்லை, கடையை அடைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. உள்ளே மனம் மட்டும் தராசுத் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆசீர்வாதம் கூறி முடிக்குமுன் மடியில் போனை எடுத்து விரலால் தள்ளுகிறபோது இந்த வசனம் நினைவுக்கு வந்தால் நல்லது.

தினக்கூலியைச் சனிக்கிழமை முழுசாகக் கொடுக்காதவர் ஞாயிறு காலையில் எவ்வளவு உருக்கமாகப் பாடினாலும், அந்தப் பாட்டோடு கூடவே கூலிக்காரருடைய முறையீடும் மேலே போகிறது. யாக்கோபு தன் நிருபத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

*

அன்னாள் சீலோவில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தான். மீகாள் பலகணியிலிருந்து பார்த்தபோது தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் குதித்து ஆடினான். அவள் அவனை வெட்கங்கெட்டவன் என்று நினைத்தாள். ஒருவர் சத்தமில்லாததால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டார், ஒருவர் சத்தத்தால்.

எங்கள் ஊரிலும் இந்தப் பேச்சு ஓயாது. பாமாலையும் ஆர்கனுமாக நிற்கிறவர்களை உயிரில்லாதவர்கள் என்று கை தட்டுகிறவர்கள் சொல்வார்கள். கை தட்டுகிறவர்களை வெறும் உணர்ச்சி என்று பாமாலைக்காரர்கள் சொல்வார்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் இருதயத்தை அளக்கும் வேலையை யாரும் நமக்குக் கொடுக்கவில்லை. ஏலி ஆசாரியனாயிருந்தும் அதில் தவறினான். ஆனால் தவறை உணர்ந்ததும் அந்த நிமிஷமே அவளைச் சமாதானத்தோடே போகச் சொல்லி வாழ்த்தினான். அவனிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

*

செபாஸ்டியன் பாக் தன் ஆலய இசைப் படிகள் பலவற்றின் முடிவில் எஸ்.டி.ஜி. என்று மூன்று எழுத்து இட்டார். இறைவன் ஒருவருக்கே மகிமை என்பதன் லத்தீன் சுருக்கம். லைப்சிக் நகரில் 1723-இலிருந்து 1750-இல் இறக்கும்வரை இசைப் பொறுப்பில் இருந்தவர். ஆரம்ப வருஷங்களில் ஏறக்குறைய வாரத்துக்கொரு புதுப் படைப்பு எழுதினார். அவசரத்தில் எழுதினாலும் அரைகுறையாக எழுதவில்லை. பாடகர் குழுப் பிள்ளைகளிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. மனசு சுத்தமாயிருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில். அன்பிருக்கிற இடத்தில் உழைப்பு தானாக வரும்.

*

துக்கத்தோடு வருகிறவர்களுக்கு நம் ஆராதனையில் இடம் குறைந்துகொண்டே போகிறது என்று தோன்றுகிறது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை எல்லாம் வெற்றி, எல்லாம் மகிழ்ச்சி. வேலை போனவர், மகளைப் பறிகொடுத்தவர், டாக்டர் சொன்ன பதிலை இன்னும் வீட்டில் சொல்லாதவர் எல்லோரும் அதே முகத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது. சங்கீதப் புத்தகம் அப்படியில்லை. 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடும் ஏராளம். 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஒரு விடிவும் கடைசியில் ஒட்டப்படவில்லை. அதையும் ஆலயத்தில் பாடுவதற்கென்றே சேர்த்து வைத்தார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சலிலும் மணக்குடியிலும் வேளாங்கண்ணியிலும் கடல் ஏறி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் ஆலயமணி அடித்தது, ஜனங்கள் வந்தார்கள். அந்த ஞாயிற்றில் கண்ணீரைத் தவிர அவர்கள் கொண்டுவந்திருக்கக் கூடியது என்ன? கோபத்தோடு வந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆண்டவரே எதற்கு என்று கேட்க அவரிடமே வந்தார்கள் என்றால் அதைவிடப் பெரிய விசுவாச அறிக்கையை நான் அறியேன்.

*

சமாதானம் கொடுத்தல். நான் மிகவும் நேசிக்கிற பகுதி இது. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, ஏற்கெனவே ஒன்றாயிருந்த பிரெஸ்பிடேரியன்-காங்கிரிகேஷனல் சபையார் எல்லோரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். 1950-இல் வந்த திருவிருந்து முறைமையில் சமாதானத்தைக் கைகளால் கொடுத்து வாங்குகிற வழக்கத்தைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து எடுத்தது. பிறகு பல நாட்டுச் சபைகள் இதைப் பார்த்துப் பின்பற்றின.

செய்யும் விதம் இப்படி: கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்கிறார். இருவரும் தத்தம் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடுகிறார்கள். பீடத்திலிருந்து குருவானவர் கொடுத்தது வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சுவரை போகிறது. காணிக்கை படைப்பதற்கு முன்னால் இது நடக்கிறது என்பதில்தான் அந்த முறைமையை எழுதியவர்களின் ஞானம் இருக்கிறது. உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றார். பாதிப்பேர் இதைத் திருப்பி வாசிக்கிறோம்.

இன்றைக்கு நாலாபக்கமும் தலையாட்டிக் கும்பிட்டு அரை நிமிஷத்தில் முடித்துவிடுகிறோம். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் ஒரே ஆலயத்தில் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நாலு பெஞ்சு. அந்த நாலு பெஞ்சைக் கடந்து போவதுதான் அன்றைக்கு அவர்களுடைய ஆராதனை. மற்றதெல்லாம் அப்புறம்.

*

வடக்கன்குளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயம். ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனி நீளக்கூடங்கள், நடுவே தடுப்பு. இந்தச் சாதியார் இந்தக் கூடம், அந்தச் சாதியார் அந்தக் கூடம். பூசை ஒன்று, அப்பம் ஒன்று, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-இல் தடுப்பை எடுத்தார்கள். எடுத்ததை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போனார்கள். சீர்திருத்தச் சபைகளும் மார்தட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. தனி பெஞ்சு, தனிக் கிண்ணம், தனிக் கல்லறை என்று எங்களுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு, கல்லறைத் தோட்டங்களில் இன்னும் முடியாத சரித்திரம்.

கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, உழைத்துக் களைத்து வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் கூடிவருவதால் நன்மையில்லை, தீமையே என்று பவுல் எழுதினார். இந்த நினைவோடு எங்கள் ஊர் அசனத்தைப் பார்க்கிறேன். பெரிய பெரிய வட்டாவில் சோறு, ஆட்டுக்கறி. தோட்டக்காரரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு மட்டுமாவது. அந்த அன்றைக்கு மட்டும் என்பது போய்விட வேண்டும் என்பதே என் ஜெபம்.

*

சகோதரன் லாரன்ஸ், பாரிஸ் மடத்துச் சமையல்காரர், 1691-இல் இறந்தார். முதலில் போர்வீரன், காயம் பட்டுக் கால் நொண்டி. அடுப்படியில் பல வருஷம், பிறகு செருப்புத் தைக்கிற வேலை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் திருவிருந்தில் முழங்காலிடுகிற அதே மனநிலையோடு இருக்கப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு போகிறபோது இவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*

திருவிருந்துக்கு முந்தின நாள் மாலை ஆயத்த ஆராதனை நடத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்துச் சபைகளில் பலமாயிருந்தது. பத்துக் கட்டளைகளை நிதானமாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அமைதி. மனஸ்தாபம் உள்ளவர்களைக் குருவானவரோ உபதேசியாரோ தனியே அழைத்துப் பேசுவார்கள். இப்போது பல இடங்களில் அது பத்து நிமிஷ ஜெபமாகச் சுருங்கிவிட்டது, சில இடங்களில் அதுவும் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழுக்கு முடிந்துவிடும். அதன்பிறகு யாருக்காவது யார் வீட்டுக்காவது போய்ப் பேச வேண்டியிருந்தால் அதற்கும் பொழுது இருக்கும். வருகிற சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்.