பூட்டு ஊருல ஒரு ஹெரால்டு!

திண்டுக்கல்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பிரியாணி. பூட்டு. கொடைக்கானல் டூர் போறப்ப பஸ் நிக்கற பத்து நிமிஷம். கரெக்டா? அந்த லிஸ்ட்ல ஒரு இங்கிலீஷ் காரையும் சேர்த்துக்குங்க பாஸ்.

மதுரை ரோட்டுல சின்னாளபட்டி தாண்டி உள்ளே போனா நம்ம ஃப்ரெண்டோட தோட்டம். மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு தகர ஷெட். உள்ளே வைக்கோல், உரச் சாக்கு, ரெண்டு கோழி. அதுக்கெல்லாம் அடியில ஒரு கார். அறுபதுகள்ல அவன் தாத்தா வாங்கின ரெண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா போனதுக்கு அப்புறம் யாரும் தொடலை. ‘பொங்கலுக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லைன்னா காயலான் கடைக்குப் போட்டுட்டு ஷெட்டைக் காலி பண்ணு’ன்னு அவங்க அப்பா கெடு வெச்சுட்டார். மொத்த வண்டியும் சுமார் 800 கிலோ. கிலோ கணக்குல பேச ஆளும் ரெடி.

‘இதுல என்னப்பா ஸ்போர்ட்ஸ் கார்?’னு கேக்கறீங்களா? வெயிட் பண்ணுங்க.

இங்கிலாந்துல 1959-ல் வந்த கார் டிரையம்ஃப் ஹெரால்டு. டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. அதே ஹெரால்டு சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதே மிக்கெலோட்டி வரைஞ்ச பாடியை மாட்டி 1962-ல் இறக்கினதுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ரெண்டே சீட்டு, திறந்த மேல்பக்கம், தாழ்ந்த மூக்கு... பார்த்தாலே ‘செம’ன்னு சொல்ல வைக்கற வண்டி. 1980 வரைக்கும் வந்துச்சு. அதோட கூடப்பிறந்த பொறப்பு, 1961-லேர்ந்து நம்ம வண்டலூர் பக்கத்துல ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரியில தயாராச்சு. 948 சி.சி. என்ஜின். சோழவரம் ரன்வேயில இதை வெச்சு ரேஸே விட்டிருக்காங்க. அண்ணன் சினிமா ஹீரோ, தம்பி நம்மூர் ஸ்கூல் வாத்தியார்னு வெச்சுக்குங்களேன். ரத்தம் ஒண்ணுதான்!

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துல டிரையம்ஃப் கம்பெனிக்கு முழு பாடியை மொத்தமா அடிச்சுக் கொடுக்க ஆள் கிடைக்கலை. பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. அதனால ஹெரால்டைத் துண்டு துண்டா செஞ்சு, தனி சேஸி மேல போல்ட்டு போட்டு மாட்டினாங்க. அன்னிக்கு வேற வழியில்லாம செஞ்சது. இன்னிக்கு ரிப்பேர் பண்றவங்களுக்கு வரம். ரெண்டு கொக்கியைக் கழட்டினா முன்பக்கம் முழுசும், மட்கார்டோட சேர்த்து, முதலை வாய் மாதிரி முன்னால சாயும். டயர் மேலயே உக்காந்துகிட்டு என்ஜின் வேலை பாக்கலாம். இப்ப வர்ற கார்ல பல்பு மாத்தவே பம்பரைக் கழட்டச் சொல்றாங்க!

சரி, ஊருக்குள்ள வாங்க.

லாரியில ஏத்தி திண்டுக்கல் கொண்டு வந்து, பேகம்பூர் பக்கம் ஒரு பட்டறையில விட்டோம். அங்கே நின்னு நிமிர்ந்து பார்த்தா மலைக்கோட்டை. 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்ட ஆரம்பிச்ச கோட்டை. அப்புறம் ஹைதர் அலி, திப்பு, வெள்ளைக்காரன்னு கை மாறிடுச்சு. இந்த ஊர்ல எந்தத் தெருவுல வழி தப்பினாலும் அந்தப் பாறையைப் பார்த்து வழி கண்டுபிடிச்சுடலாம். கூகுள் மேப் எல்லாம் அப்புறம்தான்.

பட்டறை அண்ணன் வண்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தார். முன் சக்கரத்தைக் கையால ஆட்டினார். ‘இதுக்கு யார்றா கிரீஸ் அடிச்சது?’ன்னார்.

இதை மட்டும் நல்லா நோட் பண்ணிக்குங்க. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் ரெண்டுக்கும் உயிர்நாடி இது. முன் சக்கரத்தைத் தாங்கற இரும்புத் தண்டு, கீழே ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள மரை மாதிரி திருகி உக்காந்திருக்கும். பேரு டிரன்னியன். ஸ்டியரிங் திருப்பறப்ப எல்லாம் அந்த மரைதான் சுத்தும். அதுக்குக் கிரீஸ் ஆகாது, 90 நம்பர் கியர் ஆயில்தான். கிரீஸ் அடிச்சா அது இறுகிப் போய் மேலே மரைக்கே போகாது. காஞ்ச மரையில தண்ணி புகுந்து துரு பிடிச்சு, ஒரு நாள் தண்டு பட்டுனு முறியும், சக்கரம் மடங்கும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே கட்டை, இதே கண்டம். பத்தாயிரம் கிலோ மீட்டருக்கு ஒரு தடவை நூறு ரூபா எண்ணெய் அடிச்சா போதும். அதைச் செய்யாமத்தான் உலகம் பூரா பாதி வண்டி குப்புற விழுந்திருக்கு.

அந்தக் கட்டையை அண்ணனே லேத்துல கடைஞ்சுடுவார்னு நினைச்சோம். ‘புஷ்ஷு கேளு, ஒரு மணி நேரத்துல தரேன். ஆனா இது உசுரு சமாச்சாரம், கம்பெனி சாமான் வாங்கிட்டு வா தம்பி’ன்னுட்டார். தன்னால முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைச்சா விடாதீங்க. இங்கே ஹீரோ அண்ணன் கை கொடுத்தார். பிரிட்டன்ல ஸ்பிட்ஃபயருக்கு இன்னும் ரசிகர்கள் ஜாஸ்தி, அதனால பார்ட்ஸ் புதுசாவே வருது. அதுல பல சாமான் நம்ம ஹெரால்டுக்கு அப்படியே பொருந்தும். கஸ்டம்ஸ் டியூட்டியைப் பார்த்து ஃப்ரெண்டுக்கு மூச்சு முட்டினது வேற கதை.

மத்ததெல்லாம் இந்த ஊரே பார்த்துக்கிச்சு. செம்பு ரேடியேட்டரைப் பிரிச்சு ஈயம் வெச்சாங்க. தோல் பதனிடற ஊராச்சே... சீட்டுக்குத் தோலுக்கு அலையவே வேணாம். பழைய சீட்டு உறையைப் பிரிச்சு, அதையே அளவா வெச்சு ஒரு பாய் ரெண்டே நாள்ல தெச்சுக் கொடுத்தார். (அந்தத் தோல் ஷாப்புகளோட கழிவுத் தண்ணி எத்தனை கிணத்தைக் கெடுத்திருக்குன்னும் இந்தப் பக்கத்து விவசாயிங்களைக் கேட்டுட்டுப் போங்க. சொகுசு சீட்டுல உக்காரும்போது அது எனக்கு உறுத்தத்தான் செஞ்சுது.)

கதவுக்குச் சாவி இல்லை. எங்கே போறது? திண்டுக்கல்ல நின்னுகிட்டுக் கேக்கற கேள்வியா இது! நாகல்நகர் பக்கம் வீட்டுத் திண்ணையிலயே ராவுகிற ஒரு பெரியவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, ஆனா அவர் வீட்டுப் பிள்ளைங்க யாரும் இந்த வேலைக்கு வரலை. காரோட பூட்டைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இது நம்ம லீவர் பூட்டு இல்ல, சின்னத் தகடு வெச்ச பூட்டு’ன்னார்.

‘சாவி தொலைஞ்சு போச்சுங்க ஐயா.’

‘பூட்டு இருக்குல்ல? அதுகிட்ட கேட்டா அதுவே சாவியைச் சொல்லும்.’

வெறும் தகட்டை உள்ளே விட்டு மெதுவா ஆட்டினார், எடுத்தார், தழும்பு விழுந்த இடத்துல அரம் போட்டார், மறுபடி விட்டார். முக்கால் மணி நேரம் இதேதான். கடைசியில ‘க்ளிக்’. நாங்க விசில் அடிச்சோம். அவர் வெத்தலைப் பெட்டியைத் தேடினார்.

இனிமேதான் சண்டை. வேலை பாதி முடிஞ்சதும் நம்மாளு புதுசா ஒரு கனவோட வந்தான். ‘டேய் மாப்ள, கூரையைத் தூக்கிட்டு ஸ்பிட்ஃபயர் ஆக்கிடலாம்டா. மாருதி என்ஜினைப் போட்டா பறக்கும்!’ கேக்க ஜோராத்தான் இருந்துச்சு. ஹெரால்டு கூரையும் போல்ட்டுதான், கழட்டினா கையோட வந்துடும். ஆனா உங்களுக்கும் இப்படி ஐடியா இருந்தா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்குங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொல்லிடுச்சு. அடுத்தது, 2021-ல் வந்த விண்டேஜ் வண்டி விதி. 50 வருஷம் தாண்டின வண்டிக்கு ‘வி.ஏ.’ன்னு தனி நம்பர் வாங்கலாம், கட்டணம் 20,000 ரூபா. ஆனா சேஸி, பாடி, என்ஜின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது. தவிர, அந்த நம்பர் வாங்கினா டெய்லி காலேஜுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, அந்த மாதிரி வேலைக்குத்தான்.

பட்டறை அண்ணன் சட்டம் எல்லாம் பேசலை. ‘கழட்டினா பழையபடி மாட்டற மாதிரி இருக்கறதை மட்டும் மாத்து. அறுக்கற வேலையா இருந்தா வேற பட்டறை பாரு’ன்னார். ஃப்ரெண்டு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுகிட்டான். அப்புறம் வந்தான். ரேடியேட்டருக்கு முன்னால ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் போட்டோம், ஏன்னா திண்டுக்கல் சித்திரை வெயில் மிக்கெலோட்டிக்குத் தெரியாது. டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினோம், டைனமோவைத் துணியில சுத்தி டிக்கியில வெச்சாச்சு. பெட்ரோல் ரப்பர் டியூப், பம்புக்குள்ள இருக்கற டயாஃபிரம் எல்லாம் எத்தனால் தாங்கறதா மாத்தினோம். 2025-லேர்ந்து பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் ஆச்சே; பழைய ரப்பர் அதுல ஊறி இத்துடும். டியூப் ஒழுகி சூடான என்ஜின் மேல சொட்டினா... வேணாம், யோசிக்காதீங்க.

மார்கழிக் கடைசியில ஸ்டார்ட் பண்ணினோம். மூணாவது இழுப்புல புகையைக் கக்கிட்டுப் பிடிச்சுது.

ஊருக்குள்ள ஒரு சந்துல எதிர்ல மாட்டு வண்டி. ஃப்ரெண்டு அசால்ட்டா ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஒரே திருப்புல திரும்பிட்டான். 25 அடி அகலம் இருந்தா போதும் இதுக்கு, லண்டன் டாக்ஸி திரும்பற அளவு. டீக்கடையில கிளாஸோட நின்ன ஒருத்தர், ‘எங்க டாக்டர் வெச்சிருந்தாரு இந்த வண்டி’ன்னு கூடவே பத்தடி நடந்து வந்தார். மதுரை ரோட்டுல ஏறினோம். வலது பக்கம் தென்னந்தோப்பு, இடது பக்கம் தூரத்துல சிறுமலை. அதோட 18 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்து நம்மாளுக்குக் கை அரிச்சுது. வேணாம்னு தடுத்துட்டேன். இந்த வண்டியோட பின் சக்கரங்கள் வளைவுல வேகமாப் போய் திடீர்னு காலை எடுத்தா உள்பக்கமா மடங்கப் பார்க்கும். சமவெளியில அறுபதுல போனா ராஜா. காந்திகிராமம் வாசல்ல பஸ்ஸுக்கு நின்ன பசங்க கை தட்டினாங்க. கண்ணாடியில பார்த்தா பின்னால மலைக்கோட்டை சின்னதாகிட்டே வந்துச்சு.

தோட்டத்துல அப்பா வரப்பு மேல நின்னுட்டிருந்தார். வண்டியைச் சுத்தி வந்தார். ஒரு வார்த்தை பேசலை. கதவைத் திறந்து, தாத்தா உக்கார்ற இடத்துல உக்காராம பக்கத்து சீட்டுல உக்காந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கினார்.

‘சாவி எங்கடா?’

கொடுத்தான். கதவைச் சாத்தி, பூட்டி, கைப்பிடியைப் பிடிச்சு ரெண்டு தடவை நல்லா இழுத்துப் பார்த்தார். சாவியை வேட்டி மடிப்புல செருகிட்டு மோட்டார் ரூம் பக்கம் நடந்தார்.

‘அப்பா, ஷெட்டு?’ன்னு இவன் கத்தினான்.

‘உரச் சாக்கைத் தூக்கி வெளிய போடு’ன்னார்.