உம்மா தைத்த மேலங்கி

பழைய நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் சேர்ப்பவர்களை நம் குடும்பங்களில் எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தொட்டுவிட்ட இரு சகோதரர்களும் ஒரு சகோதரியும் விண்வெளித் திரைப்படப் பொம்மைகளைப் பிஸ்கட் டின்னில் வைத்துப் பாதுகாத்து வருகிறார்கள் என்றால், கேட்பவர்கள் புன்னகைக்கவே செய்வார்கள். அந்த மூவரும் நாங்கள்தாம்.

1977 மே 25 அன்று அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வெளியானது. அதன் பொம்மைகளைச் செய்யும் உரிமையை ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் இயங்கிய கென்னர் நிறுவனம் பெற்றிருந்தது. படத்துக்குக் கிடைத்த வரவேற்பின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. எனவே அவ்வாண்டு இறுதியில், பொம்மையே இல்லாத ஓர் அட்டை உறையைக் கென்னர் விற்றது. உள்ளிருந்த சான்றிதழை நிரப்பி அஞ்சலில் அனுப்பினால், அடுத்த ஆண்டு லூக், இளவரசி லேயா, சுவபாக்கா, ஆர்-டூ-டி-டூ ஆகிய நால்வரும் வீடு தேடி வருவார்கள். 1964இல் வந்த ஜி.ஐ. ஜோ பொம்மையின் உயரம் ஏறத்தாழ 12 அங்குலம். கென்னரின் நாயகர்களோ 3¾ அங்குலமே. உருவம் சிறிதாக இருந்ததால்தான், அவர்கள் ஏறிச் செல்லும் விண்கலங்களையும் குழந்தைகள் தூக்கி விளையாடும் அளவில் செய்ய முடிந்தது. 1985 வரை அந்த வரிசை நீடித்தது.

எங்கள் வாப்பா அக்காலத்தில் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார்கள். சஃபர் முடிந்து ஊர் திரும்பும்போதெல்லாம், கோடாலித் தைலத்துக்கும் கைலிகளுக்கும் நடுவே, எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு பொம்மை இருக்கும். ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சே அவர்களிடம் கிடையாது. நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆகவே கதையை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். தலையைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என ஒலிக்கும் ஆர்-டூ-டி-டூவுக்கு ‘உண்டியல்’ என்று பெயர் வைத்தோம். பொன்னிறத்தில் மின்னும் சி-த்ரீ-பி-ஓ எங்களுக்குத் ‘தங்கக் காக்கா’. கடற்கரை மணல்தான் எங்கள் வேற்றுக்கிரகம்.

வீட்டில் உருவங்களை வைத்திருப்பது பற்றிய கேள்வி நம்மவர்களுக்கு எழுவது இயல்பே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததும் ஹதீஸ்களில் பதிவாகியுள்ளன. குழந்தைகளின் விளையாட்டுக்கும் பெரியவர்களின் அலங்காரத்துக்கும் இடையே ஆலிம்கள் வேறுபாடு காட்டுகிறார்கள். தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. வாப்பா வகுத்த முறை எளிமையானது: விளையாடி முடித்ததும் டின்னுக்குள் போய்விட வேண்டும், அலமாரியில் நிற்கக் கூடாது. இன்றுவரை எங்கள் பொம்மைகள் எந்தக் கண்ணாடிப் பேழையையும் கண்டதில்லை.

சேகரிப்பவர்களின் சந்தையோ வேறொரு விதியில் நடக்கிறது. அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் குமிழைப் பிரிக்காமல் வைத்திருந்தால் ஒரு விலை. பிரித்துவிட்டால் அதில் சிறு பங்கு. 1979இல் போபா ஃபெட் என்னும் பாத்திரத்தின் பொம்மையை, முதுகிலிருந்து சிற்றேவுகணை பாயும் என்று கென்னர் விளம்பரப்படுத்தியது. குழந்தைகளின் தொண்டையில் சிக்கிவிடும் அபாயம் கருதி, பிறகு அதை அசையாதபடி பொருத்தியே அனுப்பியது. கடைக்கே வராத அந்த ஏவுகணை மாதிரிகள் சில, பிற்காலத்தில் ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டின. எந்தக் குழந்தையின் கையும் படாத பொம்மைக்குத்தான் அங்கே உயர்ந்த மதிப்பு!

எங்களிடம் இருப்பவை பதினொன்று. ஒன்றுகூடப் புதிது போல் இல்லை. லூக்கின் கைக்குள்ளிருந்து நீளும் ஒளிவாளின் நுனி முறிந்துவிட்டது. சுவபாக்காவின் காலில் தம்பியின் பால்பற்கள் பதிந்திருக்கின்றன. துப்பாக்கிகள் எல்லாம் மணலுக்குள் போய்விட்டன. லேயாவோடு வந்த மெல்லிய வெள்ளை வினைல் மேலங்கி, கை நுழையும் இடத்தில் கிழிந்துபோனது. தங்கை அழுத அழுகையைக் கேட்ட உம்மா, தம் தொழுகைத் துப்பட்டி தைத்தபோது மிஞ்சிய துணியை எடுத்து, அரை விரல் அகலத்தில் இன்னொரு மேலங்கி தைத்துக் கொடுத்தார்கள். ஓரத்தை மடித்துப் போட்ட தையல் எறும்பு வரிசைபோல் நெருக்கமாக இருக்கும்.

அண்மையில் பொம்மை சேகரிக்கும் நண்பர் ஒருவர் டின்னைத் திறந்து பார்த்தார். லேயாவின் முகத்தில் வண்ணம் அழியாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். “இந்தத் துணியைக் கழற்றிவிட்டு, அசல் வினைல் மேலங்கி ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். மதிப்பு பலமடங்காகும்” என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். சந்தைக் கணக்கில் அவர் சொன்னது சரியே.

ஆனால் எங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உம்மா தம் வாழ்நாளில் புகைப்படம் எடுத்துக்கொள்ள இசைந்ததே இல்லை. அவர்கள் மவுத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் அவர்களின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் உடுத்திய துணிமணிகளை அப்போதே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அவர்களின் கைவண்ணம் இன்று எஞ்சியிருப்பது, எங்கோ ஒரு விண்வெளி இளவரசியின் தோளில் கிடக்கும் இந்த அரை விரல் துணியில்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு எந்த அசலை நாங்கள் தேடுவது?

லேயா தங்கைக்குக் கிடைத்த அன்பளிப்பு, முடிவும் அவளுடையதே. மேலங்கி அப்படியே இருக்கட்டும் என்றாள். முறிந்த வாளுக்கும் தொலைந்த துப்பாக்கிகளுக்கும் மாற்று வாங்குவதில்லை என்று நாங்களும் தீர்மானித்தோம். பன்னிரண்டாவதாக ஒன்றை வாங்கும் எண்ணமும் இல்லை. ஆசைக்கு எல்லை போடாவிட்டால் நினைவு என்ற பெயரில் வீண்விரயம் நுழைந்துவிடும்.

இப்போது விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளின் பிள்ளைகளிடம் டின்னைத் திறந்தே கொடுக்கிறோம். வாப்பா சொன்ன நிபந்தனைதான்: விளையாடி முடித்ததும் உள்ளே வைத்துவிட வேண்டும். துணி மேலங்கியை யார் தைத்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். நாங்கள் உம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறோம்.