68 எழுத்துகளும் ஒரு பழைய கணினியும்

என் பட்டறை மேசையின் ஓரத்தில் ஒரு பழைய கணினி நிற்கிறது. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க், மலிவு விலை மானிட்டர். வீட்டுக்கு எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் பதில் தேடுவது இந்தப் பெட்டியில்தான். வேகமான புதுக் கணினியில் எந்த மென்பொருளும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். பாளையங்கோட்டையில் நான் பழுது பார்க்கப் போகும் வீடுகளில் இருப்பவையோ, மகனோ மகளோ கல்லூரிக் காலத்தில் வாங்கி, வேலைக்குப் போகும்போது அப்பா அம்மாவுக்கு விட்டுச்சென்ற கணினிகள். அவற்றின் தலையில் எவ்வளவு பாரம் ஏறும் என்று தெரியாமல் ஒன்றைச் சொல்ல எனக்கு மனம் வராது.

முதல் வேலை கடிகாரத்தோடு. விண்டோஸைப் புதிதாக ஏற்றி, பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும் வரை எத்தனை வினாடி என்று மூன்று முறை அளந்து எழுதிக்கொள்வேன். பிறகு ஆன்டிவைரஸை ஏற்றி, அன்று முழுக்க அதன் போக்கில் விட்டுவிடுவேன். ஏற்றிய உடனே அளந்தால் நியாயமாக இருக்காது. முதல் நாள் அது டிஸ்க் முழுவதையும் ஒருமுறை படித்துப் பார்க்கும். மறுநாள் காலையில் மீண்டும் மூன்று முறை. கூடவே, கல்யாணப் போட்டோக்கள் நிறைந்த ஒரு பென் டிரைவை அப்படியே கணினிக்குள் நகல் எடுத்தும் நேரம் பார்ப்பேன்.

அடுத்தது ஐகார் கோப்பு. வெறும் 68 எழுத்து கொண்ட வரி அது. வைரஸ் இல்லை, யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனாலும் அதைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோல் பிடிக்க வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தமக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதை நேராக வைப்பேன், ஜிப்புக்குள் வைப்பேன், ஜிப்புக்குள் இருக்கும் ஜிப்பில் வைப்பேன், பென் டிரைவில் கொண்டுவருவேன், பிரவுசர் வழியே இறக்குவேன். எந்த வாசலில் எந்த நொடியில் பிடிபடுகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. சிலது இறக்கும்போதே தடுக்கும். சிலது ஜிப்பைத் திறக்கும்வரை பேசாமல் இருக்கும். அது குறையல்ல, ஒவ்வொன்றும் அமைக்கப்பட்ட விதம் அப்படி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ஐகாரைப் பிடித்ததால் மென்பொருள் வலுவானது என்று ஆகிவிடாது. அது விழித்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். உண்மையான வைரஸை வைத்து நான் சோதிப்பதில்லை, யாரும் வீட்டில் சோதிக்கவும் கூடாது.

வலுவை அறிய ஆய்வகங்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ஏவி-கம்பேரேட்டிவ்ஸ். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண் வைத்து மொத்தம் 18-க்குப் போடும். பெயர் பெற்றவை பலவும் 17-க்கு மேல் வாங்கிவிடுவதால் அந்த மொத்தத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. நான் பார்ப்பது வேறு இரண்டு இடங்களை. இணையம் துண்டிக்கப்பட்ட நிலையில் எத்தனை பிடித்தது என்பது ஒன்று. இன்று பல மென்பொருள்கள் தம் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் முடிவு செய்கின்றன, நம் தெருவில் இணைப்பு எப்போது அறும் என்று சொல்ல முடியாது. மற்றது, நல்ல கோப்பை வைரஸ் என்று எத்தனை முறை தவறாகச் சொன்னது என்பது.

இந்தத் தவறான எச்சரிக்கையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்தது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. நம் பக்கத்துக்கென்றே நான் வைத்திருக்கும் சோதனை, பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள். அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றுவது அதன் வேலை. கடவுச்சொல் திருடும் மென்பொருளும் விசைகளைத்தான் இடைமறிக்கும். இரண்டையும் பிரித்தறியாத ஆன்டிவைரஸ், தமிழில் கடிதம் எழுதும் வீட்டுக்கு ஆகாது.

இவ்வளவு செய்தும் என் அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைக் காட்டியவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். 2020 தொடக்கத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்தார். காலமான கணவரின் படங்கள் உட்பட எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் 490. ஸ்டாப் என்று அழைக்கப்படும் ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வகை. அவர் வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய, நல்ல மதிப்பெண் பெற்ற, உரிமக்காலம் முடியாத ஆன்டிவைரஸ். லீவுக்கு வந்த தங்கை மகன் போட்டோ எடிட்டிங் மென்பொருளின் கிராக்கை ஏற்ற, அதில் சொன்னபடி ஆன்டிவைரஸை அணைத்திருக்கிறான். மறுபடி போடவில்லை. மூன்றாம் நாள் அவன் இறக்கிய இன்னொரு கோப்பில் இது வந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் 'பாதுகாப்பு அணைந்திருக்கிறது' என்று திரையின் மூலையில் பெட்டி எழுந்துகொண்டே இருந்ததாம்.

"பாக்கலையா டீச்சர்?"

"பாத்தேன் தம்பி. அது தெனமும் என்னமோ சொல்லிக்கிட்டேதான் கெடக்கும். பெருக்கல் குறியை அமுக்குனா போயிரும்."

தவறு டீச்சருடையது அல்ல. அந்த மூலையில், அதே நிறத்தில், அதே ஒலியோடு தினமும் எழுந்தவை விளம்பரங்கள்: விபிஎன் வாங்குங்கள், குப்பைக் கோப்புகளை நீக்குங்கள், இன்றே புதுப்பித்தால் தள்ளுபடி. பெட்டி எழுந்தால் மூட வேண்டும் என்று அவருக்குப் பழக்கியதே அந்த மென்பொருள்தான். முந்தைய அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்த ரான்சம்வேரின் பழைய வகைகள் பலவற்றுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டிருந்தது. ஓட்டிப் பார்த்தேன். அவருடையது புது வகை. ஒரு படமும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து என் சோதனையில் ஒரு நோட்டு சேர்ந்தது. ஏழு நாள் அந்தப் பழைய கணினியைச் சாதாரணமாகப் பயன்படுத்தி, எழும் ஒவ்வொரு பெட்டியையும் குறிப்பேன்: ஆபத்தைச் சொன்னதா, எதையாவது விற்றதா. விற்பனை கூடுதலாக இருந்தால், மற்றதில் எவ்வளவு சிறந்திருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். ஐகார் பிடிபடும்போது வரும் எச்சரிக்கையை என் அம்மாவிடம் காட்டி, "எதை அமுக்குவீங்கம்மா?" என்று கேட்பேன். அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானே விழிக்கிறதா, அணைப்பதற்குக் கடவுச்சொல் வைக்க முடிகிறதா என்பதும் நோட்டில் ஏறும். கடைசியாக, நீக்கிப் பார்ப்பேன். போன பிறகு விண்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாக எழுந்து பொறுப்பேற்க வேண்டும்.

நிறுவனம் நம் தகவலை என்ன செய்கிறது என்பதையும் படிக்க வேண்டியிருக்கிறது. அவாஸ்ட், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது 2020-இல் வெளியானது. 2024-இல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காவலுக்கு வந்தவர்கள் செய்ய வேண்டிய வேலையா இது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அப்டேட் தவறாமல் வரும் விண்டோஸும், அதனுடன் வரும் டிஃபென்டரும், தினசரி வேலைக்கு அட்மின் அல்லாத ஒரு கணக்கும் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். 2017 மே மாதம் உலகைச் சுற்றிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த ஓட்டைக்கு அந்த மார்ச்சிலேயே அப்டேட் வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் இந்தக் கணக்கில் சேருங்கள். காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் வாங்குங்கள். 1991-இலிருந்து சென்னையிலேயே இந்த வேலையைச் செய்யும் கே7 உட்பட நல்லவை உண்டு. பணம் கட்டும் முன், இலவசச் சோதனைக் காலத்தில் ஒரு வாரம் மட்டும் ஒரு நோட்டை அருகில் வைத்துக் குறித்துப் பாருங்கள்.

டீச்சர் வீட்டில் இப்போது டிஃபென்டர்தான். அட்மின் கடவுச்சொல் அவரிடம் மட்டும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கைச் செருகி எல்லாவற்றையும் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.